நாலு கோடும் வெட்டிய இடம்

கடியப்பட்டணத்து ஏசுஅடிமையின் மகள் செசிலி, கட்டுமரத்தைக் கரையில் கிடக்கும்போது மட்டுமே தொட்டவள். பெண்பிள்ளைகள் கடலுக்குப் போகிற வழக்கமில்லை. அதனால்தான் 1951இல் அவள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

பெருநாளுக்கு வெள்ளையடிக்கப்போகிற பள்ளிக்கூடச் சுவர்தானே என்று, ஞானதாசன் சார் எங்களிடம் கரித்துண்டைக் கொடுத்து ஊரைப் படமாக வரையச் சொன்னார். நாங்களெல்லாம் தெருவும் கிணறும் வரைந்தோம். செசிலியும் அவள் கூட்டுக்காரி ரீத்தாவும் கடலை வரைந்தார்கள்.

கடலுக்கடியில் மீன் அடையும் பாறைக்குப் பார் என்று பெயர். கோயில் கோபுரம் எந்த மலையுச்சிக்கு நேரே வருகிறது, கலங்கரை விளக்கம் எந்தத் தோப்புக்கு நேரே வருகிறது என்று பார்த்துத்தான் கடலுக்குப் போகிறவர்கள் அந்த இடத்தைப் பிடிப்பார்கள்; அப்படிப் பார்க்கிற இரண்டு நேர்கோடும் வெட்டுகிற இடம்தான் பார். உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். வேறு கட்டுமரம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிடுவார்கள். ஆனால் வீட்டில் சோறு தின்னும்போது வாய் சும்மா இருக்குமா? அப்பா, அம்மாவிடம் சொன்ன அடையாளங்களை வைத்து செசிலி இரண்டு கோடு இழுத்தாள். ரீத்தா தன் அப்பா கிளீட்டஸ் சொன்ன வேறு அடையாளங்களை வைத்து இரண்டு கோடு இழுத்தாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் ஏசுஅடிமை ஈரத்துண்டோடு ஓடிவந்தார்.

"குடியக் கெடுத்தியேட்டி!"

பின்னாலேயே கிளீட்டசும் வந்தார், அவரும் அழிக்கத்தான்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். நாலு கோடும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. ரகசியமாகக் காத்த இரண்டு பாரும் ஒன்றேதான்! இத்தனை வருஷமும் ஒருவரைக் கண்டு ஒருவர் பயந்து, மீன் மொய்க்கிற இடத்தை விட்டு ஓடியிருக்கிறார்கள்.

ஏசுஅடிமை மகளையே பார்த்தார். "ஏட்டி, நீ எப்ப கடலுக்குப் போன?"

"போவலப்பா. நீங்க அம்மைக்கிட்ட சொன்னதுதான்."

"நம்ம வீட்ட எங்க காணும்?"

"கடல்ல நின்னா வீடு தெரியாதுன்னு சொன்னியளே."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "ஏலே கிளீட்டஸ், நம்ம பிள்ளைய ரெண்டும் நம்மள ஒரே எடத்துல கொண்டுவந்து நிறுத்திட்டுதுவளே" என்றார். பிறகு, வேறு கட்டுமரக்காரர் யாரும் பார்ப்பதற்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து சுவரைத் துடைத்தார்கள்.

மறுநாள் பாரின்மேல் இரண்டு கட்டுமரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இருவரும் தூண்டிலைச் சுருட்டவில்லை.