விட்டுப்போன துடிப்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பாகீரதி பொய் சொல்கிற ஆள் இல்லை. தல்லாகுளத்தில் கணக்கு டீச்சர். பேய் என்றால் சிரிப்பவள். ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது.

1984, சித்திரை மாதம், சனிக்கிழமை. அவள் கணவர் அனந்தநாராயணனுக்கு இதயத்தில் தடை. மேலறையில் கிளம்பும் துடிப்பு சில சமயம் கீழறைக்கு வந்து சேராது. "மூணுல ஒண்ணு விட்டுப்போகுது. சமயத்துல ரெண்டுல ஒண்ணு. மாறிக்கிட்டே இருக்கு" என்றார் டாக்டர். மெட்ராஸிலிருந்து பேஸ்மேக்கர் சாயங்காலம்தான் வரும். அதுவரை உயிர் தாங்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில் காலி. சோழவந்தான் சோணைமுத்து அதில்தான் காலையில் இறந்துபோனார். மனைவி ராமக்காள் உடலை வேனில் ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள்.

உச்சி வேளை. கணவரின் மானிட்டரில் பீப்... பீப்... பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு பீப் கேட்டது. காலிக் கட்டில் பக்கமிருந்து.

"சிஸ்டர், அந்த மெஷின் ஏன் ஓடறது?"

நர்ஸ் சுந்தரம்மாள் பார்த்தாள். வயர்கள் கட்டில் கம்பியில் சும்மா தொங்கின. "யாருக்கும் மாட்டலையேம்மா..." டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பாகீரதி எண்ணினாள். இங்கே விட்டுப்போகும் ஒவ்வொரு துடிப்பும் அங்கே கேட்டது.

இங்கே இரண்டு, அங்கே ஒன்று.

இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

இங்கே ஒன்று... அங்கே மூன்று.

கணவரின் உதடு நீலம் பாரித்தது. "ஏன்னா! ஏன்னா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் மூடியே இருந்தது.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். அதற்காகவே பாடையில் துணைக்குக் கோழி கட்டுவார்கள். எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள்!

பீப்... அங்கே.

பீப்... அங்கே.

இங்கே ஒன்றுமில்லை.

பாய்ந்து போய்க் காலிக் கட்டில் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பீப்.

இங்கே.

அனந்தநாராயணன் கண் திறந்தார். சாயங்காலம் பேஸ்மேக்கர் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ராமக்காள் டாக்டர் சர்டிபிகேட் வாங்க வந்தாள். பாகீரதியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சனிக்கிழமையாச்சே... கோழி கட்ட மறந்துட்டேளா?"

"மறப்பமாம்மா? மொத வேலையா அதத்தான் கட்டுனோம்." ராமக்காள் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லாதீக. தூக்கப் போற நேரம் அவரு நெஞ்சுல கை வச்சேன்... துடிச்சுச்சு. மொதல்ல விட்டு விட்டு. அப்புறம் நல்லாவே துடிச்சுச்சு. கண்ணத் தொறந்து 'ராமக்கா'ன்னாரும்மா."

"அப்புறம்?"

"நடு உச்சி. ஆரோ வெடுக்குன்னு புடுங்குன மாதிரி நின்னுபோச்சு."

பாகீரதி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.