மேல் வீட்டு மாமாவின் மதர்போர்டு

மேல் வீட்டு மாமாவின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது.

மயிலாப்பூரில் பாதிப் பேரின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. ஜாதகம் கணிக்கும் அந்த சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. விண்டோஸை அழித்துவிட்டால், அந்த சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்ற வழியே இல்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். "போர்டு மாத்துனா ஃபார்மட் அடிச்சே ஆவணும் நைனா" என்றார். மவுஸ் ஓடவில்லை என்று போனாலும் அவர் ஃபார்மட்தான் அடிப்பார்.

போர்டை மட்டும் வாங்கிவந்து, இன்று லீவு போட்டு நானே மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் பழையதுதான். புது போர்டுக்கு வேண்டிய டிரைவர்களை விண்டோஸ் தானே தேடிப் போட்டுக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல எழுந்து நின்றது. ஒரு ஜாதகம்கூடத் தொலையவில்லை. ஐகான்கள்கூட இருந்த இடத்திலேயே இருந்தன.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, எல்லாம் பழசாவே இருக்கே. நிஜமாவே மாத்தினியோ?"

"அப்படியே இருக்கணும்னுதான் மாமா இவ்ளோ பாடு."

"பாடுபட்டுப் பழசாவே வச்சிருக்கியா?"

வால்பேப்பரில் இருந்த பச்சை மலையை எடுத்துவிட்டு, கபாலீஸ்வரர் கோயில் கோபுரப் படத்தை வைத்தேன்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "இப்போ பாரு, ஸ்பீடுகூட ஜாஸ்தியாயிடுத்து" என்றவர், மாமியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "கைராசிக்காரன்."

அடுத்த வாரம் ஆபீஸில் எனக்கு அப்ரைசல். அங்கே எந்த வால்பேப்பரை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.