கழுத்துக்கு மேலே புகை

சின்ன வயதில், என் முகம் கழன்று விழுந்துவிட்டதென்று நிஜமாகவே நம்பிய மடையன் நான். நேற்று நாவலூரில் சிலர் அந்தக் காலத்து முறையில், மருந்து பூசிய ஈரக் கண்ணாடியில் படமெடுத்துக் காட்டியபோது வந்த ஈதர் வாடை, அதே பழைய முறையைக் கடைசிவரை விடாத, இன்று செல்போன் கடையாகிவிட்ட தாம்பரத்துக் காதர் பாய் ஸ்டுடியோவுக்கு என் நினைவை இழுத்துப்போனது: சிவப்பு விளக்கு, மருந்தில் கறுத்துப்போன பாயின் விரல்கள், அசையாதிருக்க என் மண்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்த சில்லென்ற இரும்பு, "ஆடாத, ஆடுனா மூஞ்சி பூடும்" என்ற அதட்டல். பயத்திலேயே தலை ஆடிவிட்டது. கழுவிய கண்ணாடியில் சட்டை தெரிந்தது, பொத்தான் தெரிந்தது. கழுத்துக்கு மேலே வெறும் புகை. தொட்டுப் பார்க்கத் துணிவில்லாமல், கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "பாய், என் மூஞ்சி எங்க பாய்?" என்று அலறினேன்.

பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப கத்துற வாய் இன்னா, வயித்துலயா கீது?"