சீனாவுக்கு ஒரு மார்க்

இரண்டாம் உலகப்போரை ஜெயித்தது யார் என்பதை நாங்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை காலையில் பொழிச்சலூரில் உட்கார்ந்து முடிவு செய்தோம். ரஷ்யாவுக்கு மூன்று மார்க், அமெரிக்காவுக்கு மூன்று, பிரிட்டனுக்கு இரண்டு, சீனாவுக்கு ஒன்று. சீனாவுக்கு அந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தவள் நான். அன்று அதைப் பெருமையாக நினைத்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் ஐந்து பள்ளிகள் சேர்ந்து அரையாண்டுத் தேர்வைப் பொதுவாக நடத்தும். ஒரே கேள்வித்தாள். தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டுகளை ஓர் இடத்தில் கொண்டுவந்து போட்டு, ஒரு பள்ளியின் தாளை இன்னொரு பள்ளியின் ஆசிரியர் திருத்த வேண்டும். சொந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் மார்க்கை அள்ளிக் கொடுத்துவிடுவோமாம். தாளாளர்களுக்கு எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் தாளாளர் ஒரு படி மேலே போவார். இந்தத் தேர்வில் ஏதாவது ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கினால், அந்தப் பிள்ளையின் பெயர் அரசுத் தேர்வுக்குப் போகும் பட்டியலில் இருக்காது. டி.சி.யை வாங்கிக்கொண்டு போய், தனியாகப் பணம் கட்டி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று மே மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தட்டி வைக்க வேண்டாமா? அந்தத் தட்டியைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது என்பதால் நாங்களும் வாயைத் திறந்ததில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வருவாள். அவள் அப்பா பயிர் வைத்த நிலத்தை மனை போட விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் செங்கல், ஜல்லி வியாபாரம் செய்தவர். அவரே ஒருமுறை என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "பாஸ் பண்ணினு போனா படிக்கட்டும் மேடம். நட்டுக்கினா அதோட நிறுத்திட வேண்டியதுதான். அவ மாமன் ரெடியா கீறான். தையில கண்ணாலத்த முடிச்சுடுவேன்." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுப்பேன் என்பதுபோலச் சொன்னார். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறித் தேறிவிடுவாள். என் பாடம்தான் அவளுக்கு எமன். எவ்வளவு படித்தாலும் வருடமும் ஊர்ப் பெயரும் அவள் தலையில் நிற்காது. ஆனால் சொன்னதைச் செய்வாள். அவளுக்கென்று ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். "பத்து மார்க் கேள்வியில எது வரலைன்னாலும் முடிவுரையை மட்டும் விட்டுடாதே. அதுக்கு ஒரு மார்க் நிச்சயம்." அன்றிலிருந்து எல்லாப் பெரிய கேள்விக்கும் முடிவுரை எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டுவிடுவாள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன். பாடத்தை நடத்தும்போதே, தேர்வுக்கு வராது என்று எனக்குத் தோன்றுகிற வரிகளைப் பென்சிலால் அடித்துவிடச் சொல்வேன். பிள்ளைகளுக்குச் சுமை குறையும். உலகப்போர் பாடத்தின் கடைசிப் பத்தியில் சீனாவைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. "இது வேண்டாம், அடிச்சுக்குங்க" என்றேன். நாற்பது பென்சில்கள் ஒன்றாகக் கோடு போட்ட சத்தம் கேட்டது.

பொழிச்சலூர் பள்ளியின் மேல்மாடியில் திருத்த உட்கார்ந்தோம். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், தலைக்கு மேல் விமானம் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். நாலு ஆண்கள், நான் ஒருத்தி. அவர்களில் ஒருவர் அந்தப் பள்ளிக்காரர். டீ சொல்வதும், எந்தப் பாயிண்ட்டுக்கு எத்தனை மார்க் என்ற விடைக்குறிப்பை, நாங்கள் 'கீ' என்று சொல்வதை, கார்பன் வைத்து எழுதுவதும் அவர் வேலை. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு நாடு உண்டு. நான் அவர்களை மனதுக்குள் ரஷ்யா சார், அமெரிக்கா சார், பிரிட்டன் சார் என்றுதான் கூப்பிடுவேன்.

நேச நாடுகளின் வெற்றிக்கான காரணங்களை விவரி என்பது கேள்வி. பத்து மார்க். முன்னுரைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று என்று ஒதுக்கியாகிவிட்டது. மீதி எட்டுக்குத்தான் போர்.

"ஜெர்மன்காரன் படையில பெரும்பகுதி ரஷ்யாலதான் சார் மண்ணாப் போச்சு. செத்தவன் யாரு, கணக்கெடுத்துப் பாருங்க. நாலு மார்க் குடுக்கலேன்னா அது அநியாயம்" என்றார் ரஷ்யா சார். ஆசிரியர் சங்கத்தில் இருந்தவர், மேடைப் பேச்சு நன்றாக வரும்.

பிரிட்டன் சார் மாதா கோயில் பள்ளி ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிரான்ஸ் விழுந்தப்புறம் ஒரு வருஷம் தன்னந்தனியா நின்னது யாரு? அப்ப உங்க ரஷ்யா ஜெர்மனியோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தது" என்றார்.

"ரெண்டு பேருக்கும் லாரியும் டப்பா சாப்பாடும் அனுப்பினது யாரு சார்? வெறும் வயித்தோட சண்டை போட்டிருப்பாங்களா?" என்றார் அமெரிக்கா சார். அவர்தான் சின்னவர், கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விமானம் போனது. அது போனதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்று, மூன்று, இரண்டு என்று வந்தது. நான் அதுவரை பேசவில்லை. "நம்ம ஆளுங்க அத்தனை பேர் போய்ச் சண்டை போட்டாங்களே சார், அதுக்கு?" என்றேன்.

பிரிட்டன் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது பிரிட்டன்ல அடங்கும் மேடம். நீங்க டோட்டல் பத்து வருதான்னு பாருங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வரலாற்றில் எம்.ஏ. முடித்தவள் நான். அந்த மேஜையில் வேறு யாருக்கும் அது கிடையாது. மூன்று ஆண்கள் பங்கு போட்டதைக் கூட்டிப் பார்க்கவா அத்தனை வருடம் படித்தேன்? எப்படியாவது அவர்கள் மூன்று பேர் வாயையும் அடைக்க வேண்டும் என்று வெறி வந்தது.

"சீனாவை விட்டுட்டீங்களே சார்" என்றேன். "இவங்க மூணு பேரும் களத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஜப்பானோட மோத ஆரம்பிச்சது சீனா. ஜப்பான் படையில பெரும்பகுதியை எட்டு வருஷம் அங்கேயே கட்டிப் போட்டு வெச்சாங்க. இல்லேன்னா அது மொத்தமும் வேற பக்கம் திரும்பியிருக்கும். புத்தகத்துலயே ஒரு வரி இருக்கு, கடைசிப் பத்தி."

புத்தகத்தைப் புரட்டினார்கள். வரி இருந்தது. பிரிட்டன் சார் புத்தகத்தை மூடி வைத்தார். அந்த வரியை என் வகுப்பில் அடிக்கச் சொன்னது அப்போது எனக்கு மறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை.

சரி, சீனாவுக்கு ஒன்று, அதை யாரிடமிருந்து எடுப்பது? மூன்று பேரும் தங்கள் நாட்டிலிருந்து ஒரு மார்க் விடமாட்டேன் என்றார்கள். பள்ளிக்காரர்தான் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "முடிவுரைக்கு ஒண்ணு வெச்சிருக்கோமே, அதை எடுத்துடலாமா?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். முடிவுரைக்காகப் பேச அங்கே எந்த நாட்டுக்காரரும் இல்லை. விடைக்குறிப்பில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு வந்த வடை எனக்கு நன்றாக ருசித்தது.

எங்கள் பள்ளிக் கட்டு ரஷ்யா சாரிடம் போனது. மறுநாள் மதியம் மார்க் பட்டியல் என் கைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினேன். முப்பத்து நாலு. தாளை எடுத்துப் பார்த்தேன். உலகப்போர்க் கேள்விக்கு ஆறு மார்க். ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் அரைகுறையாக வந்திருந்தன. சீனா இல்லை. கீழே நாலு வரியில் அழகாக ஒரு முடிவுரை, அதன் கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. ரஷ்யா சார் சிவப்பு மையில் அதன் மேல் ஒரு சின்ன டிக் போட்டு, ஓரத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்.

அவர் ஜன்னலோரம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் நல்லவர். "அடப் பாவமே, ஒரு மார்க்தானா? ஆனா இந்த ஒரு தாளுக்கு மட்டும் போட முடியாது மேடம், மத்தவங்க கேட்பாங்க. சீனாவை எடுத்துட்டு முடிவுரைக்கே குடுத்துடலாம். இன்னும் தாள் யார் கையையும் விட்டுப் போகலை, அரை மணி நேர வேலை. நீங்க கேட்டு வாங்கினது, நீங்களே எழுந்து சொல்லிடுங்க. 'என் க்ளாஸ்ல அதை நடத்தலை, எடுத்துடலாம்'னு சொன்னா முடிஞ்சது" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பிரிட்டன் சார் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை நான் நடத்தவில்லை, அடிக்கச் சொன்னேன் என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் சிரிக்கப் போகும் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது.

"வேண்டாம் சார். கீ போட்டது போட்டதுதான்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பின்னால் அமெரிக்கா சார், அணுகுண்டு போடாமலே ஜப்பான் சரணடைந்திருக்குமா என்று புதுசாக ஒன்றைக் கிளப்பியிருந்தார். எல்லாரும் அதில் இறங்கிவிட்டார்கள்.

தாளாளர் அந்தப் பெண்ணின் பெயரை அடித்தபோது எதிரில்தான் நின்றேன். ஒரு மார்க்தானே சார் என்று முனகினேன். "இன்னிக்கு ஒரு மார்க்கும்பீங்க, நாளைக்கு அஞ்சும்பீங்க" என்றார். அவள் அப்பா வந்தார். "ஒரு மார்க்குன்றாங்களே மேடம், இன்னாதான் தப்பு பண்ணுச்சு பொண்ணு?" என்று கேட்டார். "கொஞ்சம் கவனக்குறைவு" என்று சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு டி.சி. வாங்கப் போனார்.

அந்தப் பெண் போகவில்லை. விடைத்தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "எங்க மிஸ் மார்க் போச்சுன்னு சொல்லுங்க. தனியா எழுதும்போது சரியா எழுதிடறேன்."

"சீனாவை விட்டுட்டே" என்றேன்.

அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். பென்சில் கோட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இத்தனை வருடம் இது உறுத்தியிருக்காது.

ஜெயித்ததைப் பங்கு போட அன்று ஐந்து பேர் உட்கார்ந்தோம், அரை மார்க்குக்கும் அடித்துக்கொண்டோம். இந்தப் பழியைப் பங்கு போட ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன? தாளாளருக்கு எவ்வளவு, அவள் அப்பாவுக்கு எவ்வளவு என்று நானும் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எப்படிப் பிரித்தாலும் பெரிய பங்கு என் பக்கம்தான் வருகிறது.

அடுத்த ஜூனில் புது வகுப்பு. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்கிக்கொள்வது வழக்கம். உலகப்போர் நடத்திய நாளில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி புத்தகத்தோடு எழுந்தாள். "மிஸ், இந்த வரி பென்சில்ல அடிச்சிருக்கு. பக்கத்துல பேனாவுல முக்கியம்னும் எழுதியிருக்கு. படிக்கணுமா, வேண்டாமா?"

வாங்கிப் பார்த்தேன். சீனாவின் வரி. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். முக்கியம் என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள். தனியாக எழுத நினைத்துப் படித்திருக்கிறாள். அப்புறம் புத்தகத்தை விற்றுவிட்டிருக்கிறாள்.

"படி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வருட அரையாண்டுக்கும் அதே கேள்வி வந்தது. பொழிச்சலூரில் அதே மேஜையில் உட்கார்ந்தோம். மூன்று பேரும் பழையபடி கத்தி ஓய்ந்தார்கள். சீனாவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. முடிவுரைக்கு ஒரு மார்க் போட்டார்கள். நான் டோட்டல் சரிபார்த்தேன், பத்து வந்தது.