முள் எடுத்த மீன்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் கழித்து கடல் பறவையான ஆலாவின் குஞ்சு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதிராம்பட்டினத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பம் எங்களுடையது. இருபது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போன மனிதர். ஒரு காலையில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பார். சீர்காழியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே, அவருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் சூடை மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவரால் இருமக்கூட முடியவில்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து முதுகில் தட்டித் தட்டியதில் முள் ஒருவழியாக வெளியே வந்தது. அதன் பிறகு அவர் தட்டில் நான் முள்ளோடு மீன் வைத்ததில்லை. நான் எடுத்துவிட்டுக் கொடுத்தாலும், விரலால் ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

வைகாசியில் கோடை மழை கொட்டியது. உப்பளத்துப் பக்கம் மேட்டு மணலில் ஆலாக்கள் முட்டையிட்டிருந்த இடமெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது. அவரோடு ஒரே படகில் போய்வந்த கூட்டாளி, துண்டில் ஒரு குஞ்சைப் பொதிந்து கொண்டுவந்தார். பக்கத்தில் கிடந்ததெல்லாம் செத்து மிதந்தது, இது மட்டும் கத்திக்கொண்டிருந்தது என்றார். "அண்ணனுக்கும் பொழுது போவும், அண்ணி," என்று என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

உண்மையிலேயே பொழுது போயிற்று. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், காலையில் நான் கரைக்குப் போய் மீன் வாங்கிவருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருப்பார். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பைபர் படகுகள் பக்கத்தில் போய்க் கொண்டுவரும் பொடி மீன்தான் கிடைக்கும். நான் தலையையும் குடலையும் எடுத்துக் கழுவித் தட்டில் வைப்பேன். மீதி அவர் வேலை. இடது கைக் கட்டைவிரல் நகத்தால் மீனைப் பிளந்து, நடுமுள்ளை உருவி, சதைக்குள் இருக்கும் மயிர் போன்ற முட்களை ஒவ்வொன்றாகத் தடவி எடுப்பார். நான்கு மீனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் உதவிக்குப் போனால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பிறகு சதையை உருட்டிக் குஞ்சின் வாயில் வைப்பார். முள்ளெல்லாம் வாசலில் காத்திருக்கும் பூனைக்கு.

குஞ்சு நன்றாகத்தான் தின்றது. இரண்டே வாரத்தில் உடம்பு திரண்டது. கூட்டாளியிடம் அவர் ஒரு நாள், "பெருசாச்சு... பாரு," என்றார். நோய் வந்த பிறகு அவராகவே பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

மூன்றாம் வாரம் அது நடக்காமல் உட்கார்ந்தே இருந்தது. தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயின. றெக்கைகள் தொங்கின. புதிதாக முளைத்த இறகுகளில் குறுக்கே வெளிறிய கோடுகள். அலகைத் தொட்டுப் பார்த்தேன், ஊறவைத்த கருவாடு மாதிரி வளைந்தது. உப்பளத்தில் பிழைத்துக் கிடந்த குஞ்சுகள் இந்நேரம் தத்திப் பறக்கின்றன என்று கூட்டாளி சொன்னதும், என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "கொண்டு போ," என்றார்.

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பட்டுக்கோட்டையில் பஸ் மாறி, தஞ்சாவூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாட்டையும் நாயையும் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா. வனத்துறையிடம் சொல்லாமல் வீட்டில் வைத்ததற்கு முதலில் கடிந்துகொண்டார். பிறகு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான நிழல்தான் இருந்தது. இரண்டு கால் எலும்பும் வளைந்து, ஒன்று ஒடிந்தும் இருந்தது.

"என்ன குடுத்தீங்க?"

மீன்தான் கொடுத்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. சோறா, பிஸ்கட்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முள் எடுத்த மீன் என்று கடைசியில்தான் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா எடுத்தீங்க? அதோட எலும்பு வளர்றதே அந்த முள்ளுலேருந்துதானே. தாய்ப்பறவை முழு மீனைத்தான் ஊட்டும். வெறும் சதையில சுண்ணாம்புச் சத்து ஏது?"

சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். சின்ன மீனாகப் பார்த்து முழுசாகக் கொடுங்கள், உயிரோடு இருந்தாலும் பறக்காது, வளைந்தது நிமிராது என்றார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அறுத்துப்போட்ட வயல்கள். அவரிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார். "பொறவிக் கோளாறாம்ங்க. முட்டையிலேயே அப்படித்தானாம்," என்றேன்.

ஆனால் அன்று மாலை முழு நெத்திலியைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. மருந்தை மீனுக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே ஊட்டினேன். குஞ்சு தலைப்பக்கமாகப் பிடித்து ஒரே வாயில் விழுங்கியது. தொண்டை ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான். அடுத்ததற்கு வாயைத் திறந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது மீனும் உள்ளே போனதும், "முள்ளு... எறங்குது," என்றார்.

"மருந்து வச்சிருக்கேன்ல, அதான்."

"நானா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலங்க. பொறவியிலேயே வந்தது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் நான் எப்போதும்போல் அவர் முள் எடுக்கும் தட்டை எடுத்து வைத்தபோது அதைத் தொடவில்லை.

குஞ்சு இன்னும் எட்டு நாள் இருந்தது. கடைசி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பெட்டியில் கழுத்தைச் சாய்த்துக் கிடந்தது. கூட்டாளிதான் கரையில் குழி தோண்டிப் புதைத்தார். என் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிப்போனேன். அதற்கு மேல் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கடலுக்கு மேலே அந்த வருடத்துக் குஞ்சுகள் பெரிய பறவைகளோடு கத்திக்கொண்டு திரிந்தன.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், குஞ்சு எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவரே முந்திக்கொண்டு, எவ்வளவு குழறினாலும் விடாமல், "பொறவிக் கோளாறு," என்று சொன்னார். மகள் போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பார், என்னையும் திட்டியிருப்பார். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இப்போது அவர் சாப்பாட்டில் மீன் கேட்பதில்லை. ரசமும் மசித்த சோறும் போதும் என்கிறார். நானும் எனக்கென்று தனியாகச் சமைப்பதில்லை.