கண்மாய் நிறைந்த வருஷம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மழை என்பது பக்கத்து மாவட்டத்தில் பெய்வது. திருப்புல்லாணிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த ஊர். கண்மாயில் தண்ணீர் கிடந்த நாட்களைவிட நாங்கள் அதற்குள் ஓடிப்பிடித்து விளையாடிய நாட்களே அதிகம். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் கார்த்திகையில், பெய்யாமல் விட்ட வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பெய்வதுபோல மழை பிடித்துக்கொண்டது. முதலில் பெரியவர்கள் வாசலில் நின்று வானத்தைக் கும்பிட்டார்கள். பிறகு கும்பிடுவதை நிறுத்திவிட்டு வானத்தை வெறுமனே பார்த்தார்கள். இந்தக் கடற்கரைப் பக்கம் இதுவரை இப்படிப் பெய்ததே இல்லை என்று ரேடியோவில் சொன்னதாக டீக்கடைக்காரர் வந்து சொன்னார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்களா என்று நான் கேட்டேன்.

கண்மாய் ததும்பியது. மிகுநீர் போகும் கலுங்கு வழியாக வெளியேறிய தண்ணீர் ஓடையில் தேங்கி நின்றது. கடலும் பொங்கிக் கிடந்ததால் அது ஓடைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை என்றார்கள். ஆண்கள் எல்லோரும் கரையிலேயே கிடந்தார்கள். மண்மூட்டையும் பனையோலையும் கருவேல முள்ளும் போட்டு ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் கரையின் அடியிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் கசிந்தது. எங்கள் வீடு கரைக்கு மிகவும் பக்கம். அம்மா நெல்லைப் பரணில் ஏற்றினாள். ஆடுகளை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினாள். எந்நேரமும் ஓட வேண்டியிருக்கும் என்று என் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிவிட்டாள். நான் அப்படியேதான் தூங்கினேன்.

ஒருநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. அய்யா என்று நான் கூப்பிடும் அப்பா மண்வெட்டி எடுக்க வீட்டுக்கு வந்தார். கரையில் வேண்டிய மட்டும் மண்வெட்டிகள் கிடந்தன என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

“கெழக்க வெட்டிவிடப் போறோம்,” என்றார் அம்மாவிடம். “ஊர்ல முடிவாயிருச்சு. பொழுது அடையிறதுக்குள்ள வெட்டணும். யார்ட்டயும் மூச்சு விடாத.”

கிழக்கே கரையை வெட்டிவிட்டால் எங்கள் ஊர் தப்பிக்கும். ஆனால் தண்ணீர் நேராகப் போய் இறங்குவது பள்ளத்தில் இருந்த அடுத்த ஊரில். அது அம்மா பிறந்த ஊர். அவளுடைய அண்ணனான மாமாவும், எங்கள் அத்தையும், அத்தையின் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். அய்யா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா மழைக்கு ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்து என் தலையில் போட்டாள். “வாத்தா, ஒரு குட்டியக் காணோம், தேடிட்டு வருவோம்,” என்றாள். நான் ஆடுகளைப் பார்த்தேன். எல்லாக் குட்டிகளும் இருந்தன. பயத்தில் அம்மாவுக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

கரை மேல் காவல் நின்ற பெரியப்பா, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அம்மா குட்டியைச் சொன்னாள். குட்டி வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல நான் வாயெடுத்தபோது, பிடித்திருந்த என் மணிக்கட்டை இறுக்கினாள். வலித்தது. கிழக்குக் கரையின் அடியிலேயே வரப்பு போனது. வரப்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா காலால் துழாவித் துழாவி நடந்தாள். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டாள். அவள் முன்னால் பார்த்ததைவிடத் திரும்பிக் கரையைப் பார்த்ததுதான் அதிகம்.

மாமா வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள். “அண்ணே, பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. ஊரையும் கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாச் சொல்றேன்.”

மாமா அவளையும் நனைந்து நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். என்னையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லி அத்தை அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா விடுவித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

நாங்கள் கரை ஏறியபோது கிழக்கு முனையில் கூட்டமாக நின்றார்கள். நடுவில் அய்யா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பெரியப்பா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். “மச்சினன் ஊருன்னு ரோசிக்கிறியா? மொத வெட்டு நீதான் வெட்டணும். இன்னும் எம்புட்டு நேரம் நிப்ப?” அய்யா நாங்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேலே வந்ததும் அம்மாவைக் கேட்டார்.

“குட்டி கெடச்சுச்சா?”

“கெடச்சிருச்சு,” என்றாள் அம்மா.

எங்கள் கையில் குட்டி எதுவும் இல்லை. ஆனால் அய்யா சரி என்று தலையசைத்துவிட்டு மண்வெட்டியை ஓங்கினார். முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் போனது. பிறகு கரை பாளம் பாளமாகச் சரிந்தது. அந்தச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா கண்ணை மூடவே இல்லை.

அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. மண்சுவர் வீடுகள் எல்லாம் கரைந்தன. மாமாவின் மிளகாய் நாற்றும் விதைநெல்லும் போயின. அந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்திலேயே வெகுநாள் இருந்தார்கள். அதுவரைக்கும் அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. அந்த நாட்களில் அவள் குழம்புகூட ஊற்றாமல் வெறுஞ்சோற்றைத்தான் சாப்பிட்டாள்.

பொங்கல் கழிந்து மாமா வந்தார், குழந்தையின் காதுகுத்துக்குச் சொல்ல. அய்யாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழையைப் பற்றிப் பேச்சு வந்தது.

“கரை தானாத்தான் ஒடஞ்சிருக்கு, மாப்ள,” என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே. “அம்புட்டுத் தண்ணிய எந்தக் கரை தாங்கும்?”

“ஆமா, மச்சான்,” என்றார் அய்யா. அவருக்குப் புரையேறியது. அம்மா தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

தானாக உடையவில்லை, நான் பார்த்தேன் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டேன். வீடு போய், விதைநெல்லும் போய், அதை யார் செய்தது என்றுகூடத் தெரியாமல் மாமா எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாரே, இவ்வளவு வெள்ளந்தியாக ஒரு மனிதர் இருப்பாரா என்று அன்று முழுவதும் அவருக்காக நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.