எட்டுச் செலவில் மூன்று துவக்குகள்

1. பெரியப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவுக்காக அவர் விரும்பியதையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தோம்: ஆட்டிறைச்சி, சாராயம், சுருட்டு.
2. வன்னி வயலில் பன்றி அடிக்க அவர் லைசென்சோடு வாங்கிய மூன்று துவக்குகளையும் வைக்கவேண்டும் என்றார் பெரியம்மா.
3. நான் எஞ்சினியர் என்பதால் அவற்றைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. குழல்களுக்குள் தோட்டா இல்லை என்று முதலில் உறுதிசெய்தேன்.

எண்ணெய்ச் சீலையின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. இதே உரும்பிராய் வீட்டு வளவு. பெரியப்பாவின் மகன் சேந்தன் அண்ணை வளர்த்த நாய், கோழியொன்றைப் பிடித்துவிட்டது. அதே மணமடிக்கும் துவக்கைப் பெரியப்பா அண்ணையின் கையில் திணித்தார்.

"நீ வளர்த்தது. நீயே சுடு."

"கட்டி வைக்கிறன் அப்பா."

"நீயென்ன பெட்டையோ? தங்கச்சியே அழேல்லை, பார்."

நான் பயத்தில்தான் அழாமல் நின்றேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். இடுப்பில் பட்டது. நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு அவரிடமே வந்தது. அண்ணை இன்னொரு தோட்டா கேட்டார்.

"நாய்க்கு ஒண்டு காணும், இன்னொண்டு வீண்" என்றுவிட்டுப் பெரியப்பா சாப்பிடப் போனார்.

துடைத்து முடித்தேன். பெரியம்மா அண்ணையை அழைத்தார்.

"தம்பி, அப்பான்ரை ஆசைச் சாமான். மகன்தான் வைக்கவேணும்."

"உதுகளை நான் தொடமாட்டன்."

"செத்த மனுசனோடை என்னடா கோவம்?"

"செத்தபடியாத்தான் கும்பிடவெண்டாலும் வந்தனான், அம்மா."

துவக்குகளை மறுநாள் நானே பொலிசில் ஒப்படைத்தேன். பெரியம்மா அண்ணையோடு கதைப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைச் செய்ய வேறு ஆள் தேடுகிறார்.